வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து: யாழ்ப்பாணத்தை ஆண்ட கம்பனியும் இன்றைய கம்பனிகளும்

பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளின் அதிகாரம் கூடக் கூட ஊழலும் கூடுமா? இந்தக் கேள்வி எங்களுக்குள்ள அடிக்கடி வாறது. பேஸ்புக், கூகிள் பற்றிக் கதை தொடங்கினால் இரண்டு பக்கம் பிரிந்து நிற்போம். "அவங்களுக்கு லஞ்சம் வாங்க என்ன தேவை, காசு கொட்டிக் கிடக்கு" என்று ஒரு பக்கம். "காசு கூடினால் கை சும்மா இராது" என்று மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் இதை 21ஆம் நூற்றாண்டில் புதிதாக முளைத்த பிரச்சினையாகத்தான் பேசுகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இது பழைய கதை. எங்கட குடாநாடு 1658 முதல் 1795 வரை, 137 வருடங்கள், ஒரு கம்பனியின் ஆட்சியில் இருந்தது. பாடப்புத்தகத்தில் "ஒல்லாந்தர் காலம்" என்று படித்து, கோட்டையையும் தேசவழமையையும் இரண்டு புள்ளிக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விட்டோம். அந்த நாட்களில் எங்களை ஆண்டது ஒல்லாந்து அரசாங்கம் இல்லை. பங்குதாரர்களும் இலாபக் கணக்கும் உள்ள ஒரு வியாபார நிறுவனம்: ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. அதன் எச்சம் எங்கட வாயில் இன்னும் இருக்கிறது. அலுவலகத்தைக் "கந்தோர்" என்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கினம். உறுதி எழுத "நொத்தாரிசு", மேசைக்கு "லாச்சி". மூன்றும் ஒல்லாந்தச் சொற்கள். கந்தோர், பத்திரம், பூட்டி வைக்கும் லாச்சி: ஒரு கம்பனி எப்படி ஆளும் என்பதற்கு இந்த மூன்று சொல்லே போதும் போல.

அந்தக் கதையை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டு இன்றைக்கு வந்தால், கேள்விக்குப் பதில் கொஞ்சம் தெளிவாகும் என்று நினைக்கிறோம்.

நாடு பிடிக்கும் உரிமை பெற்ற கடை

1602 மார்ச்சில் ஒல்லாந்தின் பாராளுமன்றம் இந்தக் கம்பனிக்குப் பட்டயம் கொடுத்தது. ஆசியாவுடன் வியாபாரம் செய்யும் ஏகபோக உரிமை அதில் இருந்தது. கூடவே கோட்டை கட்டலாம், படை வைத்திருக்கலாம், போர் தொடுக்கலாம், அரசர்களோடு ஒப்பந்தம் எழுதலாம், நாணயம் அடிக்கலாம். அம்ஸ்டர்டாமில் அதன் பங்குகள் வெளிப்படையாக விற்கப்பட்டு வாங்கப்பட்டன. உலகின் முதல் பங்குச் சந்தை என்று சொல்லப்படுவது அதைச் சுற்றித்தான் வளர்ந்தது.

கம்பனியை நடத்தியவர்கள் "பதினேழு கனவான்கள்" என்று அழைக்கப்பட்ட இயக்குநர் சபை. ஒல்லாந்து நகரங்களின் ஆட்சிக்குழுக்களில் இருந்த அதே பணக்காரக் குடும்பங்கள்தான் கம்பனியின் இயக்குநர் கதிரைகளிலும் இருந்தன. கண்காணிக்க வேண்டியவர்களும் இலாபம் எடுக்கிறவர்களும் ஒரே வீட்டு ஆட்கள். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு திரும்பி வருவோம்.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கம்பனி பிடித்தது. அதற்குப் பிறகு எங்கட ஊரின் அதிகாரச் சங்கிலி இப்படி: யாழ்ப்பாணக் கோட்டையில் ஒரு கொமாண்டர். அவருக்கு மேலே கொழும்பில் ஆளுநர். அவருக்கு மேலே இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் தலைமை ஆளுநர். அவருக்கு மேலே ஒல்லாந்தில் பதினேழு பேர். கப்பலில் ஒரு கடிதம் ஒல்லாந்துக்குப் போய்ப் பதில் வர ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். அந்தச் சங்கிலியில் எந்த வளையமும் கீழே பார்க்கவில்லை. எல்லாம் மேலே பார்த்தது.

பதிவேடு, சந்தை, நீதிமன்றம்

கம்பனி இங்கே மூன்று சாமான்களைத் தன் கையில் எடுத்தது.

முதலாவது பதிவேடு. யாருக்கு எந்தக் காணி, எத்தனை மரம், எந்தச் சாதி, என்ன வரி, என்ன ஊழியம் என்று எழுதிய "தோம்பு". தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி, விரித்து எழுதினார்கள். தோம்பில் பெயர் இருந்தால் காணி உன்னுடையது. அதே தோம்பில் பெயர் இருப்பதால்தான் வரியும் ஊழியமும் உன் தலையில். ஒருவனைக் காப்பாற்றுவதும் கட்டிப் போடுவதும் ஒரே தாள்.

இரண்டாவது சந்தை. வன்னியில் பிடித்த யானைகள் குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, இந்தியாவிலிருந்து வந்த வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன. வன்னியர்களின் திறையே யானைகளாகத்தான் கணக்கிடப்பட்டது. துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் சாயவேரைக் கிண்ட ஒரு சமூகத்தையே கட்டாயப்படுத்தி, வேரைக் கம்பனிக்கு மட்டும் விற்க வைத்தார்கள். விலையையும் கம்பனியே சொன்னது. தமிழகக் கரையில் பஞ்சம் வந்த 17ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வியாபாரத்தில் கம்பனிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தீர்வை வந்தது. கொழும்பில் ஒரே இடத்துக்குத் தமிழில் கொம்பனித்தெரு என்றும் ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்றும் பெயர் இருந்தது. இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நீதிமன்றம். வரி போட்டவனும் கம்பனி, பொருள் வாங்கியவனும் கம்பனி, அதில் தகராறு வந்தால் வழக்கைக் கேட்டவனும் கம்பனி.

இந்த மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கைக்குள் இருக்கிற மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி ஆகிவிடுகிறது. கம்பனி தன் ஊழியர்களுக்குக் கொடுத்த சம்பளம் சொற்பம். தனிப்பட்ட வியாபாரம் செய்யக்கூடாது என்று கடுமையான சட்டம் இருந்தது. ஆனால் கம்பனிக் கப்பலிலேயே சொந்தச் சரக்கு ஏறியது. "அன்பளிப்பு" வாங்குவது பதவியோடு சேர்ந்த வருமானமாகப் போய்விட்டது. ஊருக்குத் திரும்பிய அதிகாரிகள் கொண்டுபோன காசுக்கும் அவர்களுடைய சம்பளத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

எங்கட ஆட்களும் இருந்தார்கள்

இதிலே ஒரு சங்கடமான பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் வெள்ளைக்காரன் கதையாகப் போய்விடும்.

சில நூறு ஒல்லாந்தரால் தனியாகக் குடாநாட்டை ஆண்டிருக்க முடியாது. முதலிகள், கணக்கர்கள், ஊர்த்தலைவர்கள் என்று உள்ளூர் அதிகாரிகளின் ஒரு பெரிய வலை வேண்டியிருந்தது. இந்தப் பதவிகள் பெரும்பாலும் வெள்ளாளர் கைகளில் குவிந்திருந்தன. 1690களில் கம்பனியே இதைக் கவலையோடு பார்த்து, பதவிகளை மற்றச் சாதிகளுக்கும் பிரித்துக் கொடுக்க முயன்றது. சமத்துவ எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு கூட்டம் மட்டும் பலமாவது தன் அதிகாரத்துக்கு ஆபத்து என்ற கணக்கு அது.

தேசவழமையைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்கும்படி ஆளுநர் சைமன்ஸ் உத்தரவிட, நீண்ட காலம் இங்கே வேலை செய்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் அதை எழுதி முடித்தார். பிறகு அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, சரிபார்க்கும்படி பன்னிரண்டு முதலிகளிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்போது குடாநாட்டில் இருந்த அத்தனை சனத்தின் வழக்கமும் அந்தப் பன்னிரண்டு பேர் "சரி" என்று சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. அடிமைகள் பற்றி அதில் ஒரு தனிப்பகுதி இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவரிடமாவது "இது சரியா?" என்று கேட்டதற்கு அடையாளம் இல்லை. ஆங்கிலேயர் வந்து 1806இல் அதையே சட்டமாக்கினார்கள். சொத்து விடயத்தில் அதன் பகுதிகள் இன்றும் எங்களை ஆளுகின்றன.

இன்றைக்கு ஒரு கணினி நிரலுக்குப் பழைய தரவுகளைக் கொடுத்துப் பழக்கினால், பழைய அநியாயத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது 300 வருடத்துக்கு முதலே கடதாசியில் நடந்திருக்கிறது. பதிவு செய்கிறவன் யாரைக் கேட்டுப் பதிவு செய்கிறான் என்பதே முழு விசயமும்.

தண்டனை இருந்தது, பதில் இருக்கவில்லை

கம்பனி ஊழலைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 1726 முதல் 1729 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த பெட்ரஸ் வூய்ஸ்ட் என்பவர் தன் கொடுங்கோன்மைக்காகப் பத்தாவியாவுக்கு அழைக்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, 1732இல் கொல்லப்பட்டார். ஆளுநரையே கொன்ற நிறுவனம்! இதைவிடக் கடுமையான ஒழுக்காற்று நடவடிக்கை எந்தக் கம்பனியில் இருக்கிறது?

ஆனாலும் நோய் மாறவில்லை. ஏனென்றால் அந்த விசாரணை கம்பனிக்குள்ளே, கம்பனிக்காக நடந்தது. சாயவேர் கிண்டியவனுக்கு அதில் கதிரை இல்லை. ஒரு அதிகாரி கம்பனியிடம் திருடினால் குற்றம். கம்பனிக்காகச் சனத்திடம் பறித்தால் அது வருமானம். இந்த இரண்டுக்கும் இடையிலான கோடு அங்கே வேலை செய்கிற மனிதனின் மனதில் எவ்வளவு நாளைக்கு அழியாமல் இருக்கும்?

1795 செப்ரெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அடுத்த வருடம் கம்பனியை ஒல்லாந்து அரசு பொறுப்பேற்றது. 1799 முடிவோடு பட்டயமும் காலாவதியானது. போட்டி, போர், கடன் என்று வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பின்னால் ஒல்லாந்தர்களே அந்தக் கம்பனியின் மூன்றெழுத்துக்கு "ஊழலால் அழிந்தது" என்று பகிடியாக ஒரு விரிவாக்கம் செய்துகொண்டார்கள். அவர்கள் மொழியில் அந்த மூன்று எழுத்தும் அப்படியே பொருந்துகிறது.

பூதத்தம்பியின் வெற்றுத்தாள்

எங்கட சனம் இந்தக் கம்பனியை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது? கூத்தாக. பூதத்தம்பி கதையைப் பார்த்தோ கேட்டோ இருப்பீர்கள்.

ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் செல்வாக்கான ஆள் பூதத்தம்பி. அதிகாரியான அந்திராசி அவருடைய மனைவி அழகவல்லிமேல் ஆசைப்பட்டு அவமானப்படுகிறான். பழிவாங்கக் காத்திருக்கிறான். கோட்டை வேலைக்கு மரம் தேவை, எழுதிக்கொள்கிறோம், கையெழுத்தை மட்டும் போட்டுத் தாருங்கோ என்று வெற்றுத்தாளில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்குகிறான். பிறகு அதே தாளில், கோட்டையைக் காட்டிக்கொடுப்பதாகப் போர்த்துக்கேயருக்கு எழுதிய கடிதம் ஒன்று முளைக்கிறது. பூதத்தம்பி துரோகியாகக் கொல்லப்படுகிறார். உண்மை தெரியவந்து கொழும்புக்கு அழைக்கப்படும் அந்திராசியை வழியில் யானை கொன்றுவிடுவதாகக் கதை முடியும். நீதிமன்றம் கொடுக்காத தீர்ப்பை யானை கொடுக்கிறது.

இது கதை. வரலாற்றுப் பதிவு வேறு. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ், 1658இல் கோட்டையைப் பிடிக்க ஒரு சதி நடந்ததாகவும் அது கண்டுபிடிக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். பூதத்தம்பி கதையை இந்தச் சம்பவத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். கம்பனியின் பதிவில் அது சதி. சனத்தின் ஞாபகத்தில் அது மோசடி. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் தங்களை ஆண்ட கம்பனியின் ஊழலுக்கு ஒரு படம் கீற வேண்டி வந்தபோது, சனம் காசுப்பையைக் கீறவில்லை. வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தைக் கீறியது. நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பதை நான் போன பிறகு மற்றவன் எழுதுகிறான். அதைவிடத் துல்லியமான விளக்கம் எங்களுக்குத் தெரிந்த எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை.

இப்ப உங்கட கைத்தொலைபேசியை எடுங்கோ. கடைசியாக ஒரு செயலியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அமத்தியபோது, அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது?

2018: வாசிக்கத் தெரியாத காவல்காரன்

இன்றைய கம்பனிகளிடம் படை இல்லை, யானை இல்லை. ஒல்லாந்தக் கம்பனியும் பேஸ்புக்கும் ஒன்று என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். ஆனால் பதிவேடு, சந்தை, நீதிமன்றம் என்ற மூன்றையும் தேடினால் கிடைக்கின்றன. நாங்கள் யார், யாரோடு கதைக்கிறோம் என்ற பதிவேடு. அதை விளம்பரமாக விற்கும் சந்தை. எந்தப் பதிவு இருக்கலாம், எது நீக்கப்படும் என்று தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம்.

கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், பேஸ்புக்கில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான சிங்கள வெறுப்புப் பேச்சு பற்றி 2014இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் பரவியது. மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது. உயிர்கள் போயின. வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்துச் சமூக வலைத்தளங்களை ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது. அதற்குப் பிறகுதான் பேஸ்புக் அதிகாரிகள் அவசரமாகக் கொழும்புக்கு வந்தார்கள். பயனாளர்கள் முறைப்பாடு செய்த வெறுப்புப் பதிவுகளுக்கு "எங்கள் விதியை மீறவில்லை" என்று பதில் வந்திருந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே போதிய அளவு இருக்கவில்லை. 2020 மே மாதம், இலங்கையில் தன் தளத்தால் நேர்ந்த பாதிப்புக்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2014இலிருந்து கணக்குப் பார்த்தால் ஆறு வருடம். பத்தாவியாவுக்குப் போன கடிதத்துக்கே அதைவிடக் கெதியாகப் பதில் வந்திருக்கும்.

இது ஊழலா, அக்கறையின்மையா? 2018ஐ மட்டும் வைத்தால் அக்கறையின்மை என்றுதான் சொல்லலாம். 2021இல் பிரான்சஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில் ஒன்று, பொய்த்தகவலை வகைப்படுத்தச் செலவிடுவதில் 87 வீதம் ஐக்கிய அமெரிக்காவுக்கு என்றும் மிச்ச உலகம் முழுவதற்கும் 13 வீதம் என்றும் காட்டியது. முழுக்கணக்கு அதுவல்ல என்று நிறுவனம் மறுத்தது. எங்கே இலாபமும் எங்கே கேள்வி கேட்கும் பாராளுமன்றமும் இருக்கிறதோ அங்கே காவல்காரனைப் போடுகிறார்கள் என்று மட்டும் இதில் தெரிகிறது.

ஆனால் 2020 ஓகஸ்டில் இந்தியாவிலிருந்து வந்த செய்தி வேறு மாதிரி. ஆளும் கட்சி அரசியல்வாதி ஒருவரின் வெறுப்புப் பேச்சுக்கு விதியைப் பிரயோகிக்க வேண்டும் என்று கீழே இருந்த ஊழியர்கள் சொல்ல, வியாபாரம் பாதிக்கப்படும் என்று பேஸ்புக்கின் இந்தியக் கொள்கைத் தலைவர் எதிர்த்தார் என வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் எழுதியது. நிறுவனம் பக்கச்சார்பை மறுத்தது. அந்த அதிகாரி அதே வருடம் பதவி விலகினார். அந்தச் செய்தி சொல்வது சரியென்றால், ஒரு சதம் கைமாறவில்லை. ஆனால் நீதிபதி தீர்ப்புச் சொல்ல முதல் கடைக் கணக்கைப் பார்த்திருக்கிறார். எங்கட அம்மம்மாக்கள் இதை ஊழல் என்றுதான் சொல்லுவினம்.

அப்ப அரசாங்கத்திடம் கொடுப்பமா?

கம்பனியை நம்ப முடியாது, அரசாங்கம் கட்டுப்படுத்தட்டும் என்று சிலர் சொல்லுவினம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வருகுதில்லை. யுத்த காலத்தில் தொலைபேசி எப்ப வேலை செய்யும், எப்ப நிற்கும் என்று தீர்மானித்தது யார் என்பது வீட்டில் மூத்தவர்களுக்குத் தெரியும். 2007இல் தமிழ்நெற் இணையத்தளம் நாடு முழுவதும் முடக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. அந்தச் சட்டத்தைப் பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளின் கூட்டமைப்பும் எதிர்த்தது, ஊடகவியலாளர்களும் எதிர்த்தார்கள். இரண்டு எதிர்ப்பும் ஒன்றல்ல.

இன்னொரு உதாரணம். 2015 யூலையில் கூகிளின் லூன் திட்டத்துக்கு இலங்கை கைச்சாத்திட்டது. வானத்தில் பலூன் பறக்கவிட்டு நாடு முழுக்க இணையம் என்றார்கள். 2016இல் சோதனைப் பலூனும் வந்தது. அலைவரிசையைக் கொடுப்பதற்குப் பதிலாகக் கூட்டு நிறுவனத்தில் அரசாங்கத்துக்கு 25 வீதப் பங்கு கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அலைவரிசையைப் பங்கிடுவதும் அந்தக் கம்பனி விதி மீறினால் தண்டிப்பதும் அதே அரசாங்கம். மேலே ஞாபகம் வைத்திருக்கச் சொன்னோமே, அந்த ஒல்லாந்துக் குடும்பங்கள்? அதே கதிரை ஒழுங்குதான். திட்டம் அலைவரிசைச் சிக்கலில் மாட்டி நடக்காமல் போனது. 2021இல் லூனையே மூடிவிட்டார்கள்.

ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் காசு எங்கே போகலாம் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2015 ஜனாதிபதித் தேர்தல் நேரம் சில் துணி பகிர, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபா பாவிக்கப்பட்டது என்று இரண்டு உயர் அதிகாரிகளுக்கு 2017இல் கொழும்பு மேல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றவாளி இல்லை என்பது தீர்ப்பு, அதை ஏற்கிறோம். எங்கட தொலைபேசித் துறையைக் காவல் காக்கிற நிறுவனத்தின் நிதி தேர்தல் காலத்தில் எப்படிக் கையாளப்படலாம் என்ற கேள்வி மட்டும் மிஞ்சி நிற்கிறது.

பச்சையான லஞ்சமும் உண்டு. எரிக்சன் நிறுவனம் ஜிபூட்டி, சீனா, வியட்நாம், இந்தோனேசியா, குவைத் நாடுகளில் செய்த ஊழலுக்காக 2019இல் 100 கோடி டொலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. கட்டியது அமெரிக்காவுக்கு. 2020 ஜனவரியில் எயார்பஸ் நிறுவனம் ஏறக்குறைய 360 கோடி யூரோ தண்டம் கட்ட இணங்கியது. அதிலே ஸ்ரீலங்கன் விமான சேவையின் கொள்வனவு தொடர்பாக, ஒரு நிர்வாகியின் மனைவியின் பெயரிலிருந்த நிறுவனத்துக்கு 20 இலட்சம் டொலர் போன விடயமும் இருந்தது. அந்தத் தண்டப்பணம் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றுக்கும் பிரிந்தது. விமானத்தின் கடனைச் சுமந்தது இந்த நாட்டுச் சனம். வூய்ஸ்டின் வழக்கு மாதிரியேதான்: தண்டனை நடந்தது, பாதிக்கப்பட்டவனுக்குக் கதிரை போடவில்லை.

புதிய தோம்பு

இப்ப ஏன் இதையெல்லாம் எழுதுகிறோம்? ஒரு புதிய தோம்பு எழுதப்படப் போகிறது. இந்திய நிதியுதவியோடு, விரல் அடையாளமும் முகமும் சேர்ந்த டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு 2022இல் புரிந்துணர்வு கைச்சாத்தானது. அதன் வேலைகள் நடக்கின்றன. அதே 2022இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தன. அவை தள்ளிப்போடப்பட்டன. பதிவேடு முன்னுக்குப் போகிறது, பூட்டு பின்னுக்கு வருகிறது.

அட்டையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் தொலைத்த எத்தனையோ குடும்பங்கள் எங்கட ஊரில் இருக்கு. ஒழுங்கான பதிவேட்டின் அருமை எங்களைவிட ஆருக்குத் தெரியும்? பழைய தோம்பும் சிலருடைய காணியைக் காப்பாற்றத்தான் செய்தது. ஆனால் தேசவழமையை எழுதியபோது கேட்டது பன்னிரண்டு பேரை. இந்த முறை கேட்கப்பட வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த நிறுவனம் கட்டுகிறது? தரவு எங்கே இருக்கும்? பிழை வந்தால் சாவகச்சேரியில் இருக்கிற ஒரு ஆச்சி எந்தக் கந்தோருக்குப் போய், தமிழில் முறையிடலாம்? அந்த முறைப்பாட்டைக் கேட்பவர் கம்பனியிடமும் அமைச்சரிடமும் சம்பளம் வாங்காதவராக இருப்பாரா?

2017 பெப்ரவரி முதல் எங்களிடம் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பொதுச்சேவை நடத்தும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவை அளவுக்கு, அதற்குள் வரும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில் சாயவேர் கிண்டியவனுக்கு இப்படி ஒரு தாள் கிடைத்திருக்கவில்லை.

ஆகவே தொடக்கக் கேள்விக்கு எங்கட பதில் இதுதான். கம்பனி பெரிதாவதால் மட்டும் ஊழல் பிறப்பதில்லை. பதிவேடும் சந்தையும் நீதிமன்றமும் ஒரே கைக்குள் போய், அந்தக் கை கீழே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் போனால், நல்ல மனிதர்களை வைத்து நடத்தினாலும் அது ஊழலில்தான் போய் முடியும். கை ஒல்லாந்தருடையதா, கலிபோர்னியாவினதா, கொழும்பினதா என்பது இரண்டாம் பட்சம். யாழ்ப்பாணம் இதை 137 வருடம் பார்த்திருக்கிறது.

அடையாள அட்டைக்கு விரல் வைக்கச் சொல்லிப் பிரதேச செயலகத்துக்குக் கூப்பிடுவார்கள். போவோம். போக முதல் தாளில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைப்போம்.